வராதவர் வீட்டுச் சாயா

பதினோரு வருஷம் நான் ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். பெரிய சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினாலு வீடுகள். அந்தப் பதினாலு வீட்டுக்கு ஒரு சங்கம். எனக்குத் தமிழும் மலையாளமும் எழுத வரும், கையெழுத்து கோணாமல் இருக்கும் என்பதைத் தவிர என்னைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் கிடையாது. கல்யாணமான கையோடு குடிவந்தவன், மூன்றாம் மாதமே நோட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று தீர்த்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முற்றத்தில் எல்லோரும் அவரை மூத்தவர் என்பார்கள். எதிர்வரிசையில் அவருடைய தம்பி குடியிருந்தார், அவர் இளையவர். இரண்டு பேருக்கும் வேறு பெயர் இருந்தது, ரேஷன் கார்டில் இருக்கும். நான் கூப்பிட்டதில்லை.

மூத்தவர் சுக்குக் கிடங்கு ஒன்றில் கணக்குப்பிள்ளை. ஒல்லி உடம்பு, அரைக்கைச் சட்டை, எந்த மாதமானாலும் கக்கத்தில் குடை. பக்கத்தில் உட்கார்ந்தால் சுக்கு வாசனை மூக்கில் ஏறும். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் நாலேமுக்காலுக்கே வந்து துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிடுவார். நான் நோட்டைப் பிரித்துத் தொண்டையைச் செருமியதும் குடையின் நுனியால் ஒவ்வொரு வீட்டு வாசலாகச் சுட்டிக்கொண்டே வருவார். உதடு மட்டும் அசையும். கடைசியில் என்னைப் பார்த்து ஒரே கேள்வி.

"ஆரு வரல்லே?"

முதல் தடவை இதைக் கேட்டபோது, வருகைப் பதிவுக்காகக் கேட்கிறார் என்று நினைத்து நோட்டில் எழுதப் போனேன். அவர் எழுந்து குடையை இடுக்கிக்கொண்டார். "கொங்கணி மாமி வரல்லே. வாங்க, போலாம்."

"எங்கே?"

"அவங்க வீட்டுக்கு."

மற்றவர்களும் எழுந்தார்கள். யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. இருபது பேர் முற்றத்தைக் கடந்து, அப்பளம் இட்டு விற்கிற கொங்கணி மாமியின் வீட்டு வாசலில் போய் நின்றோம். மாமிக்குக் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, அடுப்பை மூட்டி இருபது பேருக்குச் சாயா போட்டார். அன்றைய விஷயம் கிணற்று ராட்டினத்துக்குப் புதுக் கயிறு. மாமி, "எந்தக் கயிறானாலும் எனக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அதைக் கேட்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

இதுதான் அந்த முற்றத்தின் வழக்கம், வழக்கமாக்கியவர் மூத்தவர். ஒருவர் வராவிட்டால் கூட்டம் எழுந்து அவர் வீட்டுக்குப் போகும். வீடு தேடி வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப முடியாது. ஆகவே இருபது கிளாஸ் சாயா. பொது நன்மையில் அக்கறை பொங்கியா எங்கள் கூட்டத்துக்கு ஆள் வந்தது? வராவிட்டால் பால் வாங்க ஆள் அனுப்ப வேண்டுமே என்ற பயத்தில் வந்தது. என் மனைவி சரோஜா, தலைவலி மண்டையைப் பிளக்கிற நாளிலும், "நான் போய் உக்காந்துட்டு வந்துடறேன். இல்லைன்னா இங்க வந்து நிப்பாங்க" என்று புறப்படுவாள்.

ஹம்சக்காவின் கோழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே முஸ்லிம்களில் அண்ணனை இக்கா என்பார்கள், ஹம்சக்கா அப்படி வந்த பெயர். கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆள், தூணைப் போல உடம்பு. அவருடைய கோழிகள் கிணற்றடியை அசிங்கம் செய்தன. கோழி விஷயம் பேசப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் வரவில்லை. கூட்டம் அவர் வாசலுக்குப் போயிற்று. எல்லோருக்கும் கோபம், ஆளுக்கு ஒன்று கேட்கத் தயாராக வந்திருந்தார்கள். ஹம்சக்கா தட்டில் கிளாஸ்களோடு வெளியே வந்தார்.

"கோழியுடெ காரியம் பறயானல்லே வந்தது? ஆத்யம் சாயா குடிக்கு." கோழியைப் பற்றிப் பேசத்தானே வந்தீர்கள், முதலில் சாயா குடியுங்கள் என்று.

அவர் வீட்டுச் சாயாவை உறிஞ்சிக்கொண்டே அவரை எப்படித் திட்டுவது? இஞ்சி தட்டிப் போட்டிருந்தார் வேறு. அன்றைக்கு யாரும் கோழி என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு அவரே ஒரு கூண்டைக் காட்டி, "மதியோ?" என்றார், போதுமா என்று. ஒரு நாளில் முடிய வேண்டிய காரியம் மூன்று வாரம் இழுத்தது. இதை நான் மூத்தவரிடம் எரிச்சலோடு சொன்னேன்.

"கூண்டு போட்டுட்டாரில்ல?" என்றார்.

"மூணு வாரம் ஆச்சே அண்ணே."

"ஆனா என்ன, செக்ரட்டரி. அவரு நாளைக்கும் இங்கதான இருக்கணும். நாமளும் இங்கதான இருக்கணும்."

என்னை செக்ரட்டரி என்றே கூப்பிடுவார். என் வயதுள்ள மற்றவர்களை மோனே என்பார். தம்பி என்று அவர் யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை. அது எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் குடிவருவதற்கு மூன்று வருஷம் முன்பே பேச்சு நின்றிருந்தது. எதிரெதிர் வாசல், நடுவில் இருபதடி முற்றம், ஒரே கிணறு. ஒருவர் தண்ணீர் இறைக்க வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். காரணத்தைச் சரோஜாதான் கிணற்றடியில் மூத்தவர் மனைவியிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டு வந்தாள். இவர்களுக்கு ஒரு தங்கை. தகப்பனார் இல்லை. இளையவருக்குக் கப்பலில் சரக்கு எண்ணுகிற வேலை, தூத்துக்குடிக்கும் மங்களூருக்கும் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அப்படிப் போயிருந்த சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார்கள். நல்ல இடம், கை நழுவிவிடக் கூடாது என்று மூத்தவர் சரி சொல்லிவிட்டார். இளையவர் மூன்று நாள் கழித்து வந்தார். அந்த மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, இனி பேச முடியாது என்றார்கள். தங்கை இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் இறந்துபோனாள். எப்படி என்று சரோஜாவிடம் சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை.

சாவு வீட்டில் இளையவர் அண்ணனிடம் கேட்டாராம், "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" அதுதான் இரண்டு பேருக்கும் நடுவே கடைசிப் பேச்சு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு "ஆரு வரல்லே" என்ற கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. கூட்டத்துக்கு மிக அதிகமாக வராதவர் இளையவர்தான். பாதி நாள் கப்பலில், பாதி நாள் வீட்டுக்குள். ஆகவே கூட்டம் மிக அதிகமாகப் போனது அவர் வீட்டுக்கு. எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போகிற மூத்தவர், அந்த வாசலுக்கு மட்டும் முன்னால் போகமாட்டார். கூட்டத்தின் கடைசியில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இளையவர் படியில் வந்து நின்று, ஹம்சக்காவைப் பார்த்தோ என்னைப் பார்த்தோ பதில் சொல்வார். மூத்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அங்கேயும் சாயா வரும். இளையவரின் மனைவி பெரிய தட்டில் கிளாஸ்களைக் கொண்டுவருவாள். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே போய், ஒரு பித்தளை டம்ளரைத் தனியாக எடுத்துவந்து கிணற்றுச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போவாள். அதில் சர்க்கரை இருக்காது. மூத்தவருக்குச் சர்க்கரை வியாதி. அதை அந்த வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மூத்தவர் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, கிணற்று வாளித் தண்ணீரில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பல நாள், கூட்டம் கலைந்த பிறகும் அந்தச் சுவரோரமே நின்றுகொண்டிருப்பார்.

சிலசமயம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். கயிறு, கோழி, சாக்கடை எல்லாமே இந்த ஒரு டம்ளருக்காகத்தானோ என்று. அண்ணன் தம்பி சண்டைக்கு நாங்கள் இருபது பேர் வாரா வாரம் துணைக்கு நிற்கிறோமோ என்று. இப்படி நினைத்தது அவர்மேல் இரக்கத்தினால் அல்ல, அலுப்பில்தான். வாரத்தில் ஆறு நாள் கப்பல் கம்பெனி ஆபீஸில் மற்றவர்கள் சண்டையை டைப் அடித்துவிட்டு, ஏழாம் நாள் இங்கே வந்து நின்றால் யாருக்குத்தான் அலுக்காது?

பிறகு குழாய் விஷயம் வந்தது.

பங்குனி பிறந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். சோறு வடிக்க முடியாது, பருப்பு வேகாது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து முற்றத்தை அளந்தார். எங்கள் முற்றத்துக்கோ பக்கத்துச் சந்துக்கோ ஒரு பொதுக்குழாய் தரலாம், எங்கே வைப்பது என்று குடியிருப்பவர்கள் ஒத்துக்கொண்டு எழுதித் தர வேண்டும், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமென்றில்லை, பெரும்பாலோர் போட்டால் போதும், வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள் என்றார். குழாய் வைக்கத் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. இளையவர் வாசற்படிக்குப் பக்கத்தில். வழியும் தண்ணீர் அவர் படியை நனைத்துக்கொண்டுதான் ஓடையில் இறங்கும்.

இளையவர் மங்களூர் போயிருந்தார். கூட்டம் அவர் வீட்டுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார் என்றாள் மனைவி. பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்து ஆகிவிட்டது. மூத்தவரிடம் தாளை நீட்டினேன்.

"அவன் போடட்டும். நான் பின்னாடி போடறேன்."

"அண்ணே, பன்னெண்டு போதும்னு வார்டு ஆபீஸ்காரரே சொல்லியிருக்காரு. கொண்டு குடுத்துடறேன்."

"தண்ணி ஓடப் போறது அவன் வாசல்ல. அவனைக் கேக்காம எப்படிக் குடுப்பே?" என்றார். குரல் உயரவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தார். "வருவான். காத்திரு."

காத்திருந்தேன். செவ்வாய் போயிற்று, வெள்ளியும் போயிற்று. இளையவர் சனிக்கிழமை மத்தியானம் பெட்டியோடு வந்து இறங்கினார். குழாய் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டது. தாள் கடைசிவரை என் பையில்தான் இருந்தது. கொடுக்க வேண்டாம் என்று யாரும் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. மூத்தவர் முகத்துக்காக நின்றேன். ஆனால் பழியை முழுக்க அவர்மேல் போட்டுவிடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தக் கோடை முழுக்க எங்கள் முற்றத்துப் பெண்கள் பக்கத்துச் சந்துக்குக் குடம் எடுத்துப் போனார்கள். அங்கே உள்ளவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் முறை. வழியில் ஓடைமேல் ஒரு பலகைக்கல், எப்போதும் ஈரம். சரோஜாவுக்கு ஆறாம் மாதம். போகாதே, நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். நான் கொண்டுவந்து வைக்கிற இரண்டு குடம் மத்தியானத்துக்கு மேல் தாங்காது. ஒரு நாள் அந்தக் கல்லில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. விழுந்ததால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மூத்தவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் நிறைகுடம். பக்கத்துச் சந்துத் தண்ணீர். அதைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாளும் குடம் வந்தது. மழை பிடித்துக் கிணறு தெளியும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு குடம். அந்த வயதில் அவர் தோள் இறங்கிப்போயிருந்தது. நான் தண்ணீரை எடுத்துக்கொண்டேன், பேசவில்லை. சரோஜாதான் ஒரு நாள், "போதும் அண்ணாச்சி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அப்போதும் நிறுத்தவில்லை.

அதன் பிறகும் கூட்டங்கள் நடந்தன. நானே செயலாளர். அவர் "ஆரு வரல்லே" என்பார், எழுந்து போவோம், சாயா குடிப்போம். நான் அந்தச் சாயாவைப் பாதியோடு வைத்துவிடுவேன். ஊரில் மற்ற சங்கங்களில் கை தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். காரியம் முடிகிறது, குழாய் வருகிறது. பேசிப் பேசி எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், யாராவது ஒருத்தர் அதற்கு முதுகு வளைய வேண்டும் என்று அப்போது நான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து வார்டு ஆபீஸிலிருந்து மறுபடி ஆள் வந்தார். அதே பேச்சு, அதே இடம், ஒரு வாரம் கெடு. இளையவர் தூத்துக்குடியில். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நோட்டைப் பிரித்தேன். மூத்தவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, குடை நுனியால் வாசல்களைச் சுற்றி வந்து கேட்டார்.

"ஆரு வரல்லே?"

"வராதவங்க வரலை, அண்ணே," என்றேன். "வந்தவங்க இருக்காங்க. குழாய் வேணுங்கறவங்க கை தூக்குங்க."

எழுந்து போகத் தயாராகக் காலைச் செருப்பில் நுழைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு கொங்கணி மாமி கையைத் தூக்கினார். ஹம்சக்கா மூத்தவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனிக்கும் வெள்ளம் வேணமல்லோ", தனக்கும் தண்ணீர் வேண்டுமே என்று தூக்கினார். சரோஜா தூக்கவில்லை, எங்கள் வீட்டுக்கு நான் தூக்கினேன். பன்னிரண்டு கை. மூத்தவரின் இரண்டு கையும் குடைப்பிடியின்மேல் இருந்தன.

"எண்ணியாச்சா?" என்றார்.

"ஆச்சு."

"எண்ணிடலாம். அது எளுப்பம்தான்." எழுந்துகொண்டார். "அவன் வந்தா, கேக்காம முடிச்சோம்னு நீயே சொல்லணும், செக்ரட்டரி. நான் ஒருக்கா சொல்லியிருக்கேன். இன்னொருக்கா என்னால ஆகாது."

அரைமணியில் கூட்டம் முடிந்தது. அதுவரை அவ்வளவு சீக்கிரம் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்து பேப்பர் படித்தேன், பாதி ஞாயிறு மிச்சம் இருந்தது.

பத்து நாளில் குழாய் போட்டுவிட்டார்கள். நல்ல தண்ணீர். பெண்கள் குடத்தைக் கழுவிக் கழுவிப் பிடித்தார்கள். நானும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு இளையவர் பெட்டியோடு வந்தார். அவர் படி நனைந்திருந்தது, குடங்கள் வரிசையாக நின்றன. பெட்டியை ஈரத்தில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். எதிர் வாசலில் மூத்தவர் கிடங்குக்குப் புறப்பட்டு நின்றிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் நேராகப் பேசினார்.

"இந்தத் தடவையும் என்னைக் கேக்கல்லே, இல்ல?"

மூத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குழாயடியில்தான் நின்றேன், கையில் வாளி. 'உங்க அண்ணன் கை தூக்கலை, நான்தான் தூக்கச் சொன்னேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அந்த இருபதடி முற்றத்தை இரண்டு பேரில் ஒருவர் கடந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். பன்னிரண்டு வருஷமாக அதற்காகத்தானே அந்த மனுஷர் எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தார். நான் சொல்லவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, இளையவர் என்னை என்ன செய்துவிடுவார்? ஓடைமேல் இருந்த அந்தக் கல் நினைவுக்கு வந்தது. மூத்தவரைப் பார்த்து, நீயும் கொஞ்சம் அனுபவி என்று தோன்றியது. வாளி நிறைந்து வழிந்தது, தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சரோஜா எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் வரை என்னிடம் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் இளையவர் வீட்டைக் காலி செய்துகொண்டு கலூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. போகிற அன்று அவர் மனைவி எல்லா வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொண்டாள். மூத்தவர் வீட்டுப் படியில் ஏறவில்லை. கிணற்றுச் சுவரின்மேல் அந்தப் பித்தளை டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அது ஒரு வாரம் அங்கேயே இருந்தது. பிறகு காணவில்லை.

அதற்குப் பிறகு மூத்தவர் கூட்டத்துக்கு வரவில்லை. துவைக்கிற கல்லில் வேறு யாராவது உட்கார்ந்தார்கள். நான் நோட்டைப் பிரித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தோம், கை தூக்கினோம், எண்ணினோம், கலைந்தோம். அவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். யார் வரவில்லை என்று கேட்கிற ஆள் அவர்தான். அவரே வராதபோது கேட்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு தடவை ஹம்சக்கா எழுந்து அந்தக் கதவைப் பார்த்து நின்றார். "இரிக்கு, இக்கா, முடிஞ்சுடும்" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் நான் செயலாளர் வேலையை விட்டேன். எதிர்வீட்டுப் பையன் ஒருவன், பாங்கில் வேலை, எடுத்துக்கொண்டான். தமிழ் எழுத வராது, நோட்டு மலையாளத்துக்கு மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அசதிதான் என்று சரோஜாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் கூடுதலா சாயா போடு" என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

"ஒரு இருபது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள், பக்கத்து வீட்டில் கிளாஸ் இரவல் வாங்கி வந்தாள். முற்றத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பையன் ஏதோ வாசித்தான். கொஞ்சம் சிரிப்பு, பிறகு மறுபடி நாற்காலி சத்தம். எங்கள் வாசலைத் தாண்டி ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பில் சாயா ஏடு கட்டியது. ஒருவரும் எங்கள் படி ஏறவில்லை. எனக்கு அழுகை வந்தது, இதைச் சொல்வதில் வெட்கம் என்ன.

"ஒரு டம்ளர்ல சர்க்கரை இல்லாம தனியா ஊத்திக் குடு" என்றேன்.

அதை மூத்தவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிப்போயிருந்தது, டம்ளரைத் தடவி வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"விதவுட்டா?"

இங்கே டீக்கடையில் சர்க்கரை போடாத சாயாவுக்கு அதுதான் பெயர். ஆமாம் என்றேன்.

"ஆரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. பாத்திருக்கேன்."

மெதுவாகக் குடித்தார். நான் இன்று கூட்டத்துக்குப் போகவில்லை, யாரும் வரவில்லை என்று சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீ வரல்லேன்னு எனக்குத் தெரியாம போச்சே, செக்ரட்டரி. நான் அங்க போனாத்தான ஆரு வரல்லேன்னு பாப்பேன்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க கை தூக்கலைன்னு நான் அவருகிட்ட சொல்லியிருக்கணும், அண்ணே. வேணும்னுதான் சொல்லலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"உம்பொண்டாட்டி விழுந்தது என்னாலதான. அதுக்காகத்தான் நீ சொல்லாம நின்னேன்னு அன்னிக்கே தெரியும்." டம்ளரில் கடைசி வாயைக் குடித்து, எழுந்து போய்க் கழுவி, கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்து உட்கார நேரமாயிற்று. "இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது? அவங்கிட்டச் சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டான். எண்ணினது நீ. நீ சொன்னா நம்புவான்."

"போறேன், அண்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடறேன்."

"போ," என்றார். "அவன் பொண்டாட்டி சாயா குடுப்பா. குடிச்சிட்டு வா."

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி எர்ணாகுளத்தில் இறங்கினால், அங்கிருந்து கலூருக்கு ஒரே பஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்குப் பிறகும் மூன்று நாலு தடவை போயிருக்கிறேன். இளையவர் வீடு ஸ்டாண்டிலிருந்து இரண்டாவது சந்தில் என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு கடையில் நின்று சாயா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். மூத்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பார்த்தாயா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. நான் முற்றத்துக்குள் நுழையும் சத்தம் கேட்டதும் தலையை மட்டும் என் பக்கம் திருப்புவார். இன்றைக்கு இளையவர் வீட்டில் ஆள் இல்லை என்பேன்.